பழைய உழவு இயந்திரத்துக்கு எந்தத் தண்ணீர்?

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது பல வேளைகளில் ஒரு பழைய உழவு இயந்திரமே. பெரும்போகத்தின் நடுவில் அதன் எஞ்சின் சூடேறி வெடித்தால் அந்தப் போகமே போய்விடும். ஆகவே றேடியேற்றருக்குள் எதை ஊற்றுகிறோம் என்பது சிறிய விடயமல்ல.

ஒலுவில் போன்ற கரையோர ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 கடற்கோள் கிழக்குக் கரையின் கிணறுகள் பலவற்றை உப்பாக்கியது. உப்பு இரும்பை அரிக்கும். நீரிலுள்ள சுண்ணாம்பு உள்ளே படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். கொதிக்க வைத்தாலும் உப்பு நீங்காது. முதல் மழையை விட்டுப் பின்பு பிடித்த மழைநீர் அல்லது பற்றிக்கு ஊற்றும் வடிநீரே நல்லது. பற்றி அசிட் வேறு. அதை ஊற்றக் கூடாது.

நம் நாட்டில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு? அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 107 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். தனிக் கூலன்டை ஊற்றினால் அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது.

1964இல் வெளிவந்த மெஸி பேர்கஸன் 135 போன்ற பழைய இயந்திரங்களின் றேடியேற்றர் செம்பு, பித்தளையால் ஆனது, ஈயப்பற்று வைத்தது. இவற்றுக்குப் பழைய வகைக் கூலன்டே பொருத்தம். இதை ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 5 ஆண்டு உழைக்கும் புதிய கரிம அமில வகைகளில் சில ஈயப்பற்றையும் பழைய கெஸ்கட்டையும் கெடுக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், பச்சையும் சிவப்பும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கலனில் எழுதியதை வாசியுங்கள். இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள், கூழாகி அடைத்துக்கொள்ளலாம்.

நெடுங்காலம் ஓடாது கிடந்த இயந்திரமாயின், பழைய நீரை முழுதும் வடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். றப்பர்க் குழாய்களையும் மூடியையும் பாருங்கள். கூலன்ட் வாங்க வசதியில்லையேல் இப்போதைக்கு மழைநீரை மட்டும் ஊற்றலாம். ஆனால் துருநிறம் கண்டவுடன் மாற்ற வேண்டும்.

சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்; கொதிநீர் முகத்தில் பாயும். சூடான எஞ்சினுக்குள் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம், ஆறும்வரை பொறுத்திருங்கள்.

கூலன்ட் இனிக்கும், ஆனால் கடும் நஞ்சு. சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். ஆடுமாடு குடித்தால் இறந்துவிடும். பிள்ளை குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.