நிலத்தடியில் ஓர் ஊர்

வெயிலுக்கு அஞ்சிய மனிதன் மரநிழலை நாடுவது உலக வழக்கு. மரமே அரிதான நிலத்தில் அவன் எங்கே ஒதுங்குவான்? மண்ணுக்குள் ஒதுங்கினான் என்று விடை கூறுகிறது, தென் அவுஸ்திரேலியப் பாலைநிலத்திலுள்ள கூபர் பீடி என்னும் சிற்றூர்.

அடிலெயிட் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 850 கிலோமீற்றர் சென்றால் இவ்வூரை அடையலாம். ஸ்டூவர்ட் பெருந்தெரு 1987ஆம் ஆண்டில் முழுமையாகத் தாரிடப்பட்டமையால் பயணம் இன்று எளிது. ஆயினும் அசட்டைக்கு இடமில்லை. கிளெண்டம்போ என்னும் தங்கிடத்தைக் கடந்தபின் 250 கிலோமீற்றர் வரை எரிபொருள் கிடையாது. ஆதலால் எரிபொருளையும் குடிநீரையும் முன்னரே நிரப்பிக்கொள்ளல் வேண்டும். வண்டி பழுதுற்றால் அதனை விட்டு நடக்கலாகாது. தேடி வருவோர் கண்ணில் முதலிற் படுவது வண்டியே. வெயிலில் உயிர் காப்பதும் அதன் நிழலே.

இவ்வூர் தோன்றியதற்கும் தண்ணீரே காரணம். 1915ஆம் ஆண்டு பொன் தேடிச் சென்ற குழுவொன்றில் வில்லி ஹச்சிசன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் இருந்தான். நீர் தேடிச் சென்ற அவன் கண்டது ஓபல் மணி. பண்டைக்காலத்தில் நிலத்தடி நீரிற் கரைந்த சிலிக்கா, பாறை வெடிப்புகளிற் படிந்து உருவானதே இம்மணி. அதிலுள்ள நுண்ணிய உருண்டைகள் ஒழுங்காக அடுக்குண்டிருப்பதால் ஒளி பல நிறங்களாகச் சிதறுகின்றது.

மணிக்காகத் தோண்டியோர் மண்ணின் குளிர்ச்சியையும் கண்டனர். கோடையில் வெளியே வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மணற்கல்லைக் குடைந்த வீட்டிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24 பாகையே நிலவும். வீடுகளேயன்றித் தேவாலயங்களும் விடுதிகளும் நிலத்தடியில் உள்ளன. காற்றுக்காக மேலே எழுப்பிய குழாய்களே கீழே மனையுண்டென்பதைக் காட்டும். ஆழ்கிணற்றின் உவர்நீரை உப்பு நீக்கிக் குடிக்கின்றனர்.

ஊர்ப்பெயர் கொக்கத்தா மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘வெள்ளையன் குழி’ என்பது அதன் பொருளென்பர். குழிகளோ எண்ணிலடங்கா. சுரங்கவெளியில் மூடப்படாத பழங்குழிகள் மலிந்துள்ளன. அங்கே குறித்த பாதையை விட்டு விலகுவோரும், படம் பிடிப்பதற்காகப் பின்னோக்கி நடப்போரும் உயிரிழக்க நேரிடும். அறிவிப்புப் பலகைகளும் இதனையே எச்சரிக்கின்றன.

ஆகவே பார்க்கச் செல்வோர் சுரங்க அருங்காட்சியகத்தை வழிகாட்டியுடன் காண்பதே நன்று. மாலையில், வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிரேக்கவேய்ஸ் குன்றுகளின் வண்ணங்களையும் காணலாம். அந்நிலத்தின் இயல்பை அறிந்து அதற்கு அடங்கி நடப்போருக்கே பாலை வழிவிடும்.