கோப்பி மண்டியைப் பசளையாக்குவோம்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிய போதிலும் பசளை பழைய விலைக்குத் திரும்பவில்லை. எனவே வீட்டுத்தோட்டம் செய்வோர் சமையலறைக் கழிவுகளை வீசாமல் பயன்படுத்துவது நன்று. கோப்பி வடித்தபின் எஞ்சும் மண்டியும் அத்தகைய ஒன்றே. ஆனால் அதைச் செடியின் அடியில் நேராகக் கொட்டலாகாது.

மண்டியில் என்ன உண்டு?

உலர்ந்த மண்டி 100 கிலோவில் ஏறத்தாழ 2 கிலோ நைதரசன் உண்டு. பொசுபரசும் பொற்றாசியமும் சிறிதளவே. யூரியா 100 கிலோவில் 46 கிலோ நைதரசன் இருக்கிறது. ஆகவே ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடாக 23 கிலோ மண்டி வேண்டும். மண்டி மட்டும் பயிரை வளர்க்காது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்க உதவுவதே அதன் பெரிய பயன்.

நேராக இட்டால் என்ன நேரும்?

மண்டியிலுள்ள நைதரசன் உடனே வேருக்குக் கிடைப்பதில்லை. அதை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனையும் எடுத்துக்கொள்கின்றன. மண்டியில் எஞ்சும் கபேன் முளைக்கும் விதையையும் இளம் வேரையும் தடுக்கும். தடிப்பாகப் பரப்பினால் காய்ந்து ஓடுபோலாகி, ஊற்றும் நீர் கீழிறங்காது.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புதிய மண்டியை மண்ணில் கலந்தபோது முள்ளங்கி, லீக்ஸ், சூரியகாந்தி ஆகியவற்றின் வளர்ச்சி குன்றியது. பசளை சேர்த்த இடத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது.

செய்யும் முறை

1. நிழலான இடத்தில் காய்ந்த சருகு, வைக்கோல் ஆகியவற்றை அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள்.

2. அதன்மேல் கிளிரிசிடியா போன்ற பச்சை இலைகளையும் மாட்டெருவையும் இடுங்கள்.

3. மண்டியை மெல்லியதாகத் தூவுங்கள். முழுக் குவியலில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. பாலும் சீனியும் கலந்த மண்டியாயின் எறும்பு மொய்க்கும், கழுவி இடுங்கள்.

4. இவ்வாறே மூன்றடி உயரம் வரை அடுக்கி, நீர் தெளித்து மூடிவையுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசிவதே சரியான ஈரம்.

5. இரு வாரங்களுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஏறத்தாழ மூன்று மாதங்களில் கறுத்து, மண்வாசனை வீசும் கூட்டெரு கிடைக்கும்.

வீட்டு மண்டி போதாதவர்கள் அருகிலுள்ள கடைகளில் கேட்டு வாங்கலாம். தேயிலைச் சக்கையையும் இக்குவியலிலேயே சேர்க்கலாம்.

சோதித்துப் பாருங்கள்

ஒரு சிரட்டையில் தோட்டத்து மண்ணையும், மற்றொன்றில் அதே மண்ணுடன் மூன்றில் ஒரு பங்கு கூட்டெருவையும் இட்டுப் பத்துப் பத்துப் பயறு விதையுங்கள். இரண்டிலும் ஒரேயளவாக முளைத்தால் எரு பக்குவமாகிவிட்டது. இரண்டாவதில் முளை குறைந்தால் மேலும் சில வாரம் உக்கவிடுங்கள். பத்துப் பயறு வீணாவது, ஒரு பாத்தி மிளகாய் நாற்று வீணாவதிலும் மேலல்லவா?