செம்பனையின் கழுத்தை நெரிக்கும் நண்பன்

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் பேருந்தில் போகும்போது, மறுநடவு செய்த செம்பனைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கன்றுகளுக்கு நடுவே தரையே தெரியாமல் பச்சைக் கொடி படர்ந்திருக்கும். கவனிப்பாரின்றிக் காடு மண்டிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே நட்ட மூடுபயிர்.

இன்று பல தோட்டங்களில் நடப்படுவது முக்குனா பிராக்டியேட்டா. நாட்டு மருந்தில் சேரும் பூனைக்காலிக்கு இது நெருங்கிய உறவு. வடகிழக்கு இந்தியாவின் காட்டுக்கொடியான இது, கேரள ரப்பர் தோட்டங்களில் பயன்பட்டு, 1990களில் மலேசியாவுக்கு வந்தது.

ரப்பர் காலத்தின் தொடக்கத்தில் துரைமார்களுக்கு வேறு எண்ணம். தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று நம் முன்னோர்களைக் கொண்டு சுத்தமாகக் கொத்தவைத்தார்கள். வெறும் மண்ணில் மழை அடித்து, மேல்மண் ஆற்றோடு போனது. அவ்வளவு உழைப்பும் மண்ணைக் கெடுக்கத்தான் பயன்பட்டது! நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் பக்கத்துத் தென்னமரத்தில்தான் தொடங்கியது. அந்தப் பயிருக்கும் மேல்மண்தான் முதல்.

மூடுபயிர் மழைத்துளியின் அடியைத் தாங்கும். வெயிலில் மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கும். அவரைக் குடும்பம் என்பதால் அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது.

ஆனால் இந்த நண்பனுக்கு எல்லை தெரியாது. நல்ல மழைக்காலத்தில் கொடியின் நுனி நாளுக்குச் சுமார் 10 செ.மீ. நீளும். கன்றைச் சுற்றி 1.5 மீட்டர் ஆரத்தில் வட்டம் வெட்டியிருந்தால், 15 நாளில் கொடி கன்றைத் தொட்டுவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் போகவேண்டும். ஒரு சுற்று தவறினால் கொடி மட்டைகளைச் சுற்றி ஏறி, குருத்தை மூடிவிடும். மாமரம் வெட்டுப்பட்டால் பக்கத்தில் துளிர்க்கும். செம்பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது அழிந்தால் கன்று செத்ததுதான்.

ஏறிய கொடியைப் பிடித்து இழுக்கக்கூடாது. சுற்றிய கொடி இறுகி, இளங்குருத்தை ஒடித்துவிடும். அடியில் வெட்டிவிட்டால் மேலே உள்ளது தானாகக் காய்ந்து தளரும். தரையில் ஊர்ந்து வருவதை வட்டத்துக்கு வெளியே திருப்பி, நுனியைப் பாராங்கால் வெட்டலாம். நுனி போனதும் பக்கக் கணுக்கள் விழித்துக்கொள்ளும். கொடி நீளாமல் அடர்த்தியாகும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் அதுவரை அவற்றை அடக்கி வைத்திருந்தது. ஈரமண்ணில் படிந்து வேர்விட்ட கணுக்களை மட்டும் தோண்டி எடுக்கவேண்டும்.

வெட்டிய தழையை அள்ளி எரிக்காமல் வரிசைகளுக்கு நடுவே போட்டால் மக்கி உரமாகும். இலை குறைந்த கொடி சில வேர்முடிச்சுகளைக் கைவிடும். அதிலுள்ள நைட்ரஜனும் மண்ணுக்கே சேரும். வறண்ட மாதங்களில் வட்டத்தை மட்டும் வெட்டினால் போதும். நடுப்போர்வையைக் கலைத்தால் ஈரம் போய்விடும்.

களைக்கொல்லி அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். காற்றில் பறக்கும் சாரல் கன்றின் மட்டையையும் கருக்கும், தெளிப்பவரின் உடம்பிலும் படியும். தோட்டத்தில் வெகுகாலம் புழங்கிய பாராகுவாட்டை மலேசியா 2020இல் தடை செய்தது.

சில ஆண்டுகளில் மட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். நிழல் கூடக்கூடக் கொடியின் வேகம் குறையும். பாராங்குக்கும் வேலை குறைந்துவிடும்.