விண்கல்லா, வெறுங்கல்லா? இன்டர்நெட்டில் வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

இலஞ்சியில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் மாமா, மகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். பகலில் மகள் படிப்பாள். இரவில் மாமா இன்டர்நெட்டில் உலாவுவார். ஒருநாள் காலையில் போன் வந்தது.

"மாப்ளே, செவ்வாய் கிரகத்துல இருந்து விழுந்த கல்லாம். 35 ஆயிரம்தான். பூஜை ரூம்ல வச்சா நல்லதுங்கான். 3 ஆயிரம் அட்வான்ஸ் போட்டுட்டேன். மிச்சத்தை நாளைக்குள்ள அனுப்பணுமாம். ஒரு எட்டு வந்து பாரேன்."

அன்று மாமாவின் கம்ப்யூட்டரில் நாங்கள் செய்த சோதனைகளை நீங்களும் செய்யலாம். இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. பிரவுசரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்

கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால், பிரவுசரில் உள்ள படம் பெரிதாகும். மாமா வாங்கவிருந்த கல்லைப் பெரிதாக்கியதும் மேற்பரப்பெல்லாம் சிறு சிறு குமிழித் துளைகள் தெரிந்தன. சந்தேகம் அங்கேயே தொடங்கியது.

விண்கல் காற்றைக் கிழித்து வரும்போது அதன் மேல்தோல் மட்டுமே உருகும். ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் இந்தக் கருப்புப் படலத்தின் உள்ளே கல் உருகாமல் அப்படியே இருக்கும். எனவே, பஞ்சு போலத் துளைகள் இருப்பதில்லை. உலைகளில் உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடில்தான் அப்படிக் குமிழிகள் நிறைய வரும். விண்கல் என்று விற்கப்படும் போலிகளில் இந்தக் கசடு முக்கியமானது. களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற வழுவழுப்பான பள்ளங்கள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அவை உண்மையான விண்கல்லிலும் இருக்கும்.

2. அதே போட்டோ வேறெங்கு இருக்கிறது?

விற்பவர் அனுப்பிய படத்தைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். கூகுளின் தேடும் பெட்டியில் கேமரா போன்ற ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்து படத்தை ஏற்றுங்கள். அதே படம் இன்டர்நெட்டில் வேறு எங்காவது இருந்தால் பெரும்பாலும் காட்டிவிடும். மாமாவின் "செவ்வாய்க் கல்" வேறொரு பெயரில், வேறொரு விலையில் இன்னொரு தளத்திலும் இருந்தது!

3. பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள்

உறுதி செய்யப்பட்ட விண்கற்களுக்கு உலகம் முழுமைக்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. 'மீட்டியோரிட்டிகல் புல்லட்டின் டேட்டாபேஸ்' என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால் முதலில் வரும். 70,000க்கு மேற்பட்ட விண்கற்களின் பெயர், வகை, எடை, கிடைத்த ஆண்டு ஆகியவற்றை அதில் இலவசமாகப் பார்க்கலாம்.

பழகிப் பார்க்க நம் ஊர்களையே தேடலாம். கொடைக்கானல் என்று கொடுத்தால் 1898ல் கிடைத்த சுமார் 16 கிலோ இரும்பு விண்கல் வரும். மதுரைப் பக்கம் 1857ல் விழுந்த கல் 'பர்னல்லி' என்ற பெயரில் இருக்கிறது. அது இரும்பு அல்ல, கல் வகை. ஆக, யாராவது "கொடைக்கானல் விண்கல்" என்று சொல்லி இரும்பே இல்லாத கருங்கல்லைக் காட்டினால், அது பொய் என்று உடனே சொல்லிவிடலாம்.

பெயர் பதிவேட்டில் இருப்பதால் மட்டும் உங்கள் கையில் உள்ள துண்டு அசல் ஆகிவிடாது. யாரிடமிருந்து வாங்கினார், முந்தைய பில் உண்டா என்று கேளுங்கள். செவ்வாயிலிருந்து வந்ததாக ஏற்கப்பட்டவை சில நூறு மட்டுமே. மாமாவின் ஆளிடம் பெயர் கேட்டோம். பதிலே இல்லை.

4. காந்தம் ஒட்டினால் போதுமா?

போதாது. பெரும்பாலான விண்கற்களில் இரும்பும் நிக்கலும் இருப்பதால் காந்தம் ஒட்டும். ஆனால் மேக்னடைட் என்ற சாதாரண இரும்புத் தாதுவிலும் ஒட்டும். விற்பவர் காந்த வீடியோ மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள்.

கல் கைக்கு வந்துவிட்டால் இன்னொரு சோதனை இருக்கிறது. தரையில் பதிக்கும் டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட். கருங்கோடு விழுந்தால் மேக்னடைட். துருப்பிடிக்காத விண்கல் அநேகமாகக் கோடே போடாது.

அவசரமும் அட்வான்ஸும்

"நாளைக்குள் பணம்" என்று அவசரப்படுத்துவது எல்லா மோசடிகளுக்கும் பொதுவான குணம். நம் ஊர்ப் பக்கம் கேள்விப்படும் 'இரிடியம்', 'ரைஸ் புல்லர்' கதைகளும் இதே ரகம்தான். 2018ல் டெல்லியில் ஒரு தந்தையும் மகனும் இதற்காகக் கைதானார்கள். நாசாவுக்கு விற்கலாம் என்று சொல்லி, சோதனைச் செலவு என்ற பெயரில் ஒரு வியாபாரியிடம் 1.43 கோடி ரூபாய் வாங்கியதாகப் புகார்.

விண்கல் என்று நம்புவது எவ்வளவு எளிது என்பதற்கு நாட்றம்பள்ளி உதாரணம். 2016 பிப்ரவரியில் அங்கே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார். விண்கல்தான் காரணம் என்று முதலில் அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். அவ்வளவு பேர் பார்த்த சம்பவத்திலேயே குழப்பம் என்றால், முகம் தெரியாதவர் அனுப்பும் போட்டோவை எப்படி நம்புவது?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. "போன மாதம் எங்கள் வயலில் விழுந்தது, ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியலாம். யூபிஐ பரிமாற்ற எண், சாட், போட்டோ எதையும் அழிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

மாமா 3 நாள் தயங்கிவிட்டுத்தான் புகார் செய்தார். அந்த 3 ஆயிரம் இதுவரை திரும்பவில்லை. ஆனால் மீதி 32 ஆயிரம் தப்பியது. அது மகளின் காலேஜ் பீஸுக்காக எடுத்து வைத்திருந்த பணம் என்று அத்தை பிறகுதான் சொன்னார்.

இப்போது மாமா இன்டர்நெட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் போட்டோவை கூகுளில் ஏற்றிப் பார்க்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.