ஜெனீவாவால் முடிந்ததும் முடியாததும்

ஓர் அரசு தன் குடிமக்களை எப்படி நடத்துகிறது என்பது அந்த நாட்டின் சொந்த விவகாரம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் படுகொலைகள் அந்த எண்ணத்தை உடைத்தன. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் கூடிய ஐ.நா. பொதுச்சபை, 30 உறுப்புகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. பிரகடனத்துக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பிறகு வந்த ஒப்பந்தங்கள், குழுக்கள், நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

இந்த அமைப்புகளிடம் பாதிக்கப்பட்ட மக்கள் எதிர்பார்ப்பது ஒன்று, அவற்றால் தர முடிவது வேறொன்று. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள இலங்கை ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் முடிந்த 2009இலிருந்து ஐ.நா.வின் ஏறக்குறைய எல்லா மனித உரிமை வழிமுறைகளும் அந்த நாட்டின் விஷயத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன.

எந்த அமைப்பு என்ன செய்கிறது?

ஐ.நா.வின் மனித உரிமைப் பணிக்கு மூன்று கிளைகள் உண்டு. முதலாவது, ஜெனீவாவில் இயங்கும் மனித உரிமைகள் பேரவை. பழைய மனித உரிமைகள் ஆணைக்குழு நம்பகத்தன்மையை இழந்ததால் அதைக் கலைத்துவிட்டு, 2006இல் இந்தப் பேரவை உருவாக்கப்பட்டது. இதில் 47 நாடுகள் உறுப்பினர்கள். பொதுச்சபை மூன்றாண்டுக் காலத்துக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. வாக்களிப்பவர்கள் நீதிபதிகள் அல்லர், அரசுகளின் தூதர்கள்.

இரண்டாவது, ஒப்பந்தக் குழுக்கள். சித்திரவதை, பெண்களுக்கு எதிரான பாகுபாடு, குழந்தை உரிமை, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் என முதன்மையான ஒப்பந்தங்கள் ஒன்பது இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுயேச்சையான வல்லுநர்களின் குழு கண்காணிக்கிறது. ஒப்பந்தத்தில் இணைந்த அரசு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். கூடுதல் நெறிமுறை அல்லது தனி அறிவிப்பு மூலம் முறையீட்டு வழியையும் ஏற்ற நாடுகளின் மக்கள், உள்நாட்டில் எல்லா வழியும் அடைபட்ட பிறகு, குழுவிடம் நேரடியாகவே முறையிடலாம்.

மூன்றாவது, 1993இல் உருவான உயர் ஆணையர் அலுவலகம். கள விசாரணை, அறிக்கை, சான்று சேகரிப்பு ஆகியவை இதன் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நவி பிள்ளை, 2008 முதல் 2014 வரை இந்தப் பதவியில் இருந்தார்.

மூன்று கிளைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எவரையும் கைது செய்யவோ தண்டிக்கவோ இவற்றுக்கு அதிகாரம் கிடையாது.

இலங்கை: பாராட்டிலிருந்து சான்று சேகரிப்பு வரை

போர் முடிந்து சில நாட்களே ஆகியிருந்த 2009 மே 27 அன்று பேரவையின் சிறப்புக் கூட்டம் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அதை முன்மொழிந்ததே இலங்கை அரசுதான். பொதுமக்களின் சாவுக்கு விசாரணை கோருவதற்குப் பதிலாக அரசின் நடவடிக்கைகளை வரவேற்ற அந்தத் தீர்மானத்துக்கு இந்தியா உட்பட 29 நாடுகள் ஆதரவளித்தன. 12 நாடுகள் எதிர்த்தன.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை அளித்தது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று அது கூறியது. ஐ.நா. தன்னையும் விசாரித்துக்கொண்டது. 2008 செப்டம்பரில் போர்ப் பகுதியான வன்னியிலிருந்து ஊழியர்களை விலக்கிக்கொண்டதும், சாவு எண்ணிக்கை பற்றிக் கையில் இருந்த தகவலை உரக்கச் சொல்லாததும் நிறுவனத்தின் தோல்வியே என்று 2012இல் வெளியான உள் ஆய்வறிக்கை ஏற்றுக்கொண்டது. காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றவில்லை என்பது ஐ.நா. அமைப்பின் ஆகப் பெரிய குறை. இதற்குப் பிந்தைய எந்த அறிக்கையும் ஈடாகாது.

2014 மார்ச்சில் பேரவை விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணையாளர்களை இலங்கை நாட்டுக்குள் விடவில்லை. வெளியிலிருந்தே சாட்சியம் திரட்டி, 2015 செப்டம்பரில் அறிக்கை வெளியானது. சட்டவிரோதக் கொலை, பாலியல் வன்முறை, காணாமல் ஆக்குதல் ஆகியவற்றை அரச படைகள் மீதும், கட்டாய ஆட்சேர்ப்பு, சிறார்களைப் போரில் ஈடுபடுத்தியது போன்றவற்றை விடுதலைப் புலிகள் மீதும் அது பதிவுசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைப் பொறிமுறைக்கு இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கி ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறியதும் 2020 பிப்ரவரியில் அந்த ஒப்புதலிலிருந்து விலகியது. சிறப்பு நீதிமன்றம் அமையவே இல்லை.

அதற்குப் பேரவை அளித்த பதில் 2021 மார்ச் தீர்மானம். எதிர்கால வழக்குகளுக்குப் பயன்படும்படி தகவலையும் சான்றுகளையும் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு உயர் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, இந்தியா உட்பட 14 நாடுகள் விலகி நின்றன.

பயன் எங்கே?

ஜெனீவா இல்லாதிருந்தால் போரின் இறுதி மாதங்களைப் பற்றி அரசு சொன்னது மட்டுமே அதிகாரபூர்வ வரலாறாக நின்றிருக்கும். இன்று அதை மறுக்கும் ஆவணம் ஐ.நா.வின் முத்திரையோடு இருக்கிறது. இந்தப் பணியின் முதல் பயன் இதுவே.

இரண்டாவது பயன் உள்நாட்டில் ஏற்படும் அசைவு. காணாமற்போனோருக்கான அலுவலகச் சட்டம் 2016இல் வந்தது. வலிந்து காணாமல் ஆக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 2018இல் வந்தது. பேரவையின் அழுத்தம் இல்லாமல் இவை பிறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளைகளைத் தேடி 2017 தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் சர்வதேச நீதியைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது பயன் தாமதமாக வருவது. பாதுகாத்த சான்று அரசியல் மாறும்போது வழக்காகலாம். இதற்குச் சிரியா ஓர் எடுத்துக்காட்டு. அந்த நாட்டின் நிலைமையை அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் முயற்சியை 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் பாதுகாப்புச் சபையில் ரத்து அதிகாரத்தால் தடுத்தன. மற்ற 13 உறுப்பினர்களும் ஆதரித்தும் பயனில்லை. 2016இல் பொதுச்சபை சிரியாவுக்கெனச் சான்று சேகரிக்கும் தனி அமைப்பை ஏற்படுத்தியது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில், சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற சட்டக் கோட்பாடு அதற்கு வழிவிட்டது.

குறை எங்கே?

அரசுகளே அரசுகளைத் தீர்ப்பிடுவது முதல் குறை. சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் மீதான நடவடிக்கைகள் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று உயர் ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. அதைப் பற்றி விவாதம் மட்டும் நடத்தலாம் என்ற முன்மொழிவையே அக்டோபரில் பேரவை 17க்கு 19 என்ற வாக்குகளில் நிராகரித்தது. சிறிய நாட்டை விசாரிக்க முடிந்த பேரவையால் பெரிய நாட்டைப் பற்றிப் பேசவும் முடியவில்லை. மனித உரிமையை மீறும் அரசுகளே பேரவையில் இடம்பெறுவதும் உண்டு. லிபியாவை 2011இலும் ரஷ்யாவை 2022இலும் பொதுச்சபை நீக்கிவைத்தது, அவ்வளவே.

உள்நாட்டுக் கதவு மூடியிருந்தால் தீர்ப்பு உள்ளே நுழையாது என்பது இரண்டாவது குறை. இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் 50 ஆண்டுச் சிறை பெற்ற தமிழர் ஒருவர், ஒப்பந்தக் குழுக்களில் ஒன்றான ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலமே வழக்கின் சான்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் மீதே இருந்தது. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று 2004இல் குழு முடிவுசெய்து, விடுதலை அல்லது மறுவிசாரணை வேண்டும் என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முறையீட்டுக்கு வழிசெய்த நெறிமுறையில் நாடு இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கூறிவிட்டது.

மூன்றாவது, பணம். உயர் ஆணையர் அலுவலகத்தின் செலவில் பாதிக்கும் மேல் நாடுகளின் விருப்ப நன்கொடையிலிருந்தே வருகிறது. நன்கொடை குறைந்தால் விசாரணையும் சுருங்கும்.

பிணைக்கும் நீதிமன்றங்கள்

ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா ஆகியவற்றுக்கு அரசுகளைக் கட்டுப்படுத்தும் மனித உரிமை நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆசியாவுக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பெரு நாட்டில் காணலாம். லீமாவின் பாரியோஸ் அல்தோஸ் பகுதியில் 1991இல் இராணுவக் கொலைப்படை 15 பேரைக் கொன்றது. 1995இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டங்கள் குற்றவாளிகளைக் காத்தன. அந்தச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்ததும் வழக்குகள் மீண்டும் உயிர்பெற்றன. முன்னாள் அதிபர் ஃபுஜிமோரிக்கு 2009இல் 25 ஆண்டுச் சிறை கிடைத்தது. அதே நீதிமன்றத்தின் எதிர்ப்பையும் மீறி 2023 டிசம்பரில் பெரு அவரை விடுவித்தது. பிணைக்கும் தீர்ப்பும் உள்நாட்டு அரசியலின் மனநிலையைச் சார்ந்தே நிற்கிறது.

உள்ளூரில் வேர்

அனைத்துலக ஒப்பந்தம் பலன் தர வேண்டுமானால் உள்ளூர் நீதிமன்றமோ சட்டமன்றமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்தை இந்தியா 1993இல் ஏற்றது. அதை ஆதாரமாக வைத்தே உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது சட்டமானது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் கதை வேறு. 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகவில்லை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த வெற்றிடம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆக, ஜெனீவாவால் உண்மையைப் பதிவுசெய்ய முடியும், மறதியைத் தடுக்க முடியும், நாளைய வழக்குக்குச் சான்றைக் காக்க முடியும். குற்றம் நடக்கும் நாளில் கையைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. ரத்து அதிகாரத்துக்கு வரம்பு, பேரவைத் தேர்தலுக்குக் கறாரான தகுதி, நிலையான நிதி, ஒப்பந்தங்களை உள்நாட்டுச் சட்டமாக்கும் கடமை ஆகியவை வந்தால் இந்த அமைப்புகள் வலுப்பெறும். இவை எல்லாமே அரசுகளின் கையில் இருப்பவை. அந்த அரசுகளைக் கேள்வி கேட்கும் பொறுப்பு அவற்றைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களுடையது.