நகரசபைப் பொக்கிஷத்தின் காவலர்

குப்பை வண்டி வருவதும், தெருவிளக்கு எரிவதும், வாசகசாலை திறப்பதும் யாருடைய தயவால் என்று கேட்டால், தேர்தலில் ஜெயித்த அங்கத்தினர்களின் பெயர்களைச் சொல்வோமே தவிர, பின்னறையில் உட்கார்ந்து வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிதி அதிகாரியை நாம் நினைப்பதில்லை. இங்கிலாந்தில் இந்த உத்தியோகஸ்தருக்குச் சட்டமே ஒரு விசேஷ ஸ்தானம் அளித்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கணக்கர் சங்கமொன்றில் அவர் அங்கத்தினராக இருக்க வேண்டுமென்று 1988ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபன நிதிச் சட்டம் விதிக்கிறது. அதே சட்டத்தின் 114ஆவது பிரிவோ, வருமானத்தை மிஞ்சிச் செலவு போகுமென்று கண்டால், எஜமானர்களான கவுன்சிலர்கள் ஒவ்வொருவருக்கும் அதை எழுத்துமூலம் அறிவிக்கும் கடமையை அவர் தலையில் சுமத்துகிறது. அந்தக் காகிதம் வெளிவந்ததும் புதிய செலவுகளுக்கான ஒப்பந்தங்கள் நின்றுபோகும். 21 நாட்களுக்குள் சபை கூடி ஆலோசித்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் மாநகரம் இந்த நிலைக்கு வந்தது.

அத்தகைய காகிதத்தில் கையெழுத்திடும் தைரியம் புஸ்தகப் படிப்பினால் மட்டும் வருவதன்று. 1885இல் நகரசபைப் பொக்கிஷதாரர்களின் சங்கமாக ஆரம்பித்து, 1973 முதல் ஸிப்ஃபா என்று வழங்கும் ஸ்தாபனம், பரீட்சைகளையும் பயிற்சியையும் நடத்துவதோடு, பல ஊர் அதிகாரிகளும் கலந்து பேச வழி செய்கிறது. இதையே நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் தம் காரியாலயத்தில் ‘பணம் இல்லை’ என்று சொல்கிறவர் தனி மனிதர். அதே சங்கடத்தை அனுபவித்த சகா ஒருவர் அடுத்த நகரத்தில் இருப்பது அவருக்குப் பெரும் பலம். சிக்கனத்தின் பெயரால் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையில் கைவைக்க வேண்டாமென்று சபைகளை வேண்டிக்கொள்கிறேன்.