கல்லை எடுத்த கை குழியை மூடட்டும்

உங்கள் இல்லத்து நகைப் பெட்டியில் நீலக்கல் பதித்த மோதிரம் ஒன்று இருக்கக்கூடும். அக்கல் எங்கிருந்து வந்தது எனக் கேட்டால், இலங்கையிலிருந்து என்று பெருமையுடன் விடை பகர்வீர்கள். அது எடுக்கப்பட்ட நிலம் இன்று எந்நிலையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. இலங்கைத் தீவின் மாணிக்கங்களை அரபு வணிகர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். 1344-ஆம் ஆண்டில் அங்கு சென்ற பயணி இப்னு பதூதாவும் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பேருவளை முஸ்லிம்களுக்கும், கடல் கடந்து சென்ற காயல்பட்டினத்தாருக்கும் இரத்தின வணிகம் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். கல்லின் ஒளியில் நமக்குப் பங்கு உண்டென்றால், அது விட்டுச் சென்ற குழியிலும் நமக்குப் பொறுப்பு உண்டன்றோ?

இரத்தினபுரி வட்டாரத்தில் கல் தோண்டுவது பெரும்பாலும் சிறு தொழிலே. வயலிலோ தோட்டத்திலோ ஒரு குழியை வெட்டி, பக்கங்கள் சரியாதவாறு மரச்சட்டங்கள் கட்டி, ஊறிவரும் நீரைப் பம்பு வைத்து இறைக்கிறார்கள். சிங்களத்தில் 'இல்லம' எனப்படும் சரளைப் படுகையை எட்டியதும், அதை வாரி மேலே ஏற்றி, கூடையிலிட்டு நீரில் அலசிக் கல்லைப் பொறுக்குகிறார்கள். கிடைத்த கல்லின் விலையில் நிலத்துக்குரியவர், பம்புக்குரியவர், உழைத்தவர் என்று அவரவர்க்குப் பங்கு பிரிகிறது. கல்லைப் பங்கிட அனைவரும் வருகிறார்கள். குழியைப் பங்கிடத்தான் ஒருவரும் முன்வருவதில்லை.

மூடாமல் விட்ட குழி என்ன செய்யும் தெரியுமா? மழை பெய்தால் நிரம்பிக் குளம்போல் காட்சி தரும். ஆழம் அறியாத குழந்தைகளும் மேய வந்த மாடுகளும் அதில் விழுந்து மாள நேரிடும். தேங்கிய நீரில் கொசு பெருகும். மலேரியா ஒழிந்த நாடு என்னும் சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றது 2016-இல்தான். அதற்கு முந்திய காலங்களில் எலஹெர போன்ற கல் தோண்டும் பகுதிகளில் அந்நோயைப் பரப்பும் கொசுக்களுக்கு இத்தகைய குழிகள் பிறப்பிடமாயிருந்தன. கரையில் குவித்த மண்ணோ மழையில் கரைந்து ஓடைகளை மேடாக்குகிறது.

சட்டம் இதைக் காணாமல் விட்டுவிடவில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை உரிமம் வழங்கும்போதே ஒரு பிணைத்தொகையைப் பெற்றுக்கொள்கிறது. குழியை மூடி நிலத்தைச் சீராக்கினால் அத்தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால், மூடும் செலவைவிடத் தொகை சிறிதாகத் தோன்றும்போது, 'பணம் போனால் போகட்டும்' என்று குழியை அப்படியே விட்டுச் செல்வோரும் உண்டு. பிணைப்பணத்தை இழப்பதால் கடன் தீர்ந்துவிடுமா? அரசுக்குரிய கணக்கு முடியலாம்; மண்ணுக்கும் அயலாருக்கும் உரிய கணக்கு முடிவதில்லை.

நாம் அன்றாடம் ஓதி மகிழும் 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். மாணிக்கத்தையும் பவளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அதே அத்தியாயம், தராசில் வரம்பு மீறலாகாது என்பதையும், பூமி உயிரினங்கள் யாவற்றுக்குமாக அமைக்கப்பட்டது என்பதையும் முன்னதாகவே உணர்த்திவிடுகிறது. மாண்டு கிடக்கும் நிலத்துக்கு உயிரூட்டுவோரை நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை சிறப்பித்தார்கள்! 'இஹ்யாவுல் மவாத்' என்று இதற்கெனத் தனிப் பாடமே நம் சட்ட நூல்களில் உண்டு. மாண்ட நிலத்தை உயிர்ப்பிப்பது உயர்ந்த செயலென்றால், உயிருள்ள வயலை மாளவிட்டுச் செல்வது எத்தகைய செயல் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

பரிகாரம் எளியதே. உலகின் பல பகுதிகளில் சிறு அளவில் தங்கம் எடுப்போர் பாதரசத்தைக் கையாள்கிறார்கள். அந்நஞ்சு மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகிறது. இரத்தினக்கல் எடுக்க நீரும் கூடையும் போதும். ஆகவே இங்கு நிலம் நஞ்சாவதில்லை. குலைந்து மட்டும் கிடக்கிறது. குலைந்ததை ஒழுங்காக்குவது மனிதர் கைக்கு எட்டிய வேலை.

அவ்வேலை தோண்டும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். மேலேயுள்ள கரிய வளமண்ணை வழித்துத் தனியே குவித்து, மழை அடித்துச் செல்லாதபடி மூடி வையுங்கள். வேலை முடிந்ததும் நீரை இறைத்துவிட்டு, கல்லும் சரளையும் அடியில், களிமண் நடுவில், வளமண் மேலே என்ற வரிசையில் நிரப்புங்கள். ஒவ்வோர் அடுக்கையும் திமிசு கொண்டு இறுக்குங்கள். புதுமண் அமிழும்; ஆதலால் சிறிது மேடாகவே விடுங்கள். வரிசை மாறிச் சரளை மேலே வந்துவிட்டால் ஆண்டுகள் பல கடந்தாலும் பயிர் தேறாது.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வெறும் மண் அங்கே நிலைக்காது. எனவே சரிவுகளில் வெட்டிவேரை நடுவதும், மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும் கிளிரிசிடியா, கொடிப்பயறு வகைகளை முதலில் வளர்ப்பதும் நலம். மண் தேறிய பின் பலாவும் கமுகும் தென்னையும் வரட்டும். வயலாயிருந்தால் வரப்பை உயர்த்தி, சேறடித்து, நீர் நிற்கும் தன்மையை மீட்டபின் நெல்லிடலாம்.

நிலமுடையோரே! குத்தகை எழுதும்போது குழி மூடும் செலவையும் எழுதுங்கள். வணிகர்களே! கல்லின் நிறத்தையும் தெளிவையும் கேட்கும் உங்கள் நாவு, அதன் குழி மூடப்பட்டதா என்றும் கேட்கட்டும். வாங்கும் அன்பர்களே! நீங்களும் அவ்வாறே கேளுங்கள். கேட்போர் பெருகினால், விடை சொல்ல வேண்டிய கட்டாயம் விற்போருக்கு உண்டாகும்.

நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்பது நபிகளார் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. மூடிய குழியின்மேல் ஒரு பலா காய்க்குமானால், அந்நன்மையின் பங்கைப் பெற யாருக்குத்தான் மனம் வராது? எடுத்ததற்கு ஈடாக மீண்டும் வளர்க்கும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.